புதுப்பிப்பு: சின்ன ஆபீஸுக்கு ரேக் சர்வரா, டவரா? டவரே வாங்கிவிட்டோம்

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. என் கேள்வி இதுதான்: திருப்பூரில் எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம், டாலிக்கும் ஃபைல் ஷேருக்கும் ஒரு சர்வர் வேண்டும், தனி சர்வர் ரூம் கிடையாது; ரேக் எனும் இரும்புச் சட்டப் பெட்டியில் தட்டையாகச் செருகும் சர்வர் வாங்குவதா, மேசைக் கம்ப்யூட்டர் போல நிமிர்ந்து நிற்கும் டவர் வாங்குவதா?

முடிவைத் தீர்மானித்தது, "முதலில் ரேக்கின் ஆழத்தை அளந்து பாருங்கள்" என்று ஒருவர் சொன்ன யோசனை. சுவரில் மாட்டியிருக்கும் எங்கள் 9யூ ரேக் (யூ என்பது ரேக்கில் உயரத்தை அளக்கும் அலகு) 550 மி.மீ. ஆழம்தான். பார்த்து வைத்திருந்த 1யூ சர்வரோ 700 மி.மீ.க்கு மேல். எங்கள் ரேக் நெட்வொர்க் சுவிட்சுக்கும், கேபிள்கள் வந்து சேரும் பேட்ச் பேனலுக்கும்தான் லாயக்கு.

1யூ சர்வர் ரொம்பச் சத்தம் போடும் என்று சொன்னதும் உண்மை. 1யூ உயரம் 44 மி.மீ. சொச்சம்தான். உள்ளே 40 மி.மீ. ஃபேன்தான் அடங்கும், போதிய காற்றைத் தள்ள அது அசுர வேகத்தில் சுற்ற வேண்டும். டவரில் பெரிய ஃபேன் நிதானமாக ஓடுகிறது. பக்கத்து மேசையில் போன் பேசுபவருக்குத் தொந்தரவே இல்லை.

எதிர்பாராதது யுபிஎஸ். கரண்ட் போனதும் சர்வர் பட்டென்று அணைந்துவிட்டது. பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. பழைய யுபிஎஸ் சுத்தமான சைன் வேவ் (மெயின் கரண்டில் வருவது போன்ற வழவழப்பான மின் அலை) தராத வகை. ஆக்டிவ் பிஎஃப்சி (அந்த அலைக்கு ஏற்றபடி கரண்டைச் சீராக இழுக்கும் சர்க்யூட்) உள்ள பவர் சப்ளைகள் சில அதில் நிற்பதில்லை. ப்யூர் சைன் வேவ் யுபிஎஸ் மாற்றியதும் சரியாகிவிட்டது. பட்ஜெட் போடும்போதே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நாங்கள் வாங்கிய மாடலுக்கு ரேக் கன்வர்ஷன் கிட் கிடைக்கிறது. பின்னாளில் பெரிய ரேக் வந்தால், படுக்க வைத்து 5யூ இடத்தில் பொருத்திவிடலாம்.