எம் போட்டா நெத்தி வலி, எல் போட்டா ஆடுது: தினமும் ஓசூர் போற எனக்கு எந்த ஹெல்மெட்?

கிருஷ்ணகிரி_ஷிஃப்ட்:
கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு தினமும் பைக். ஒரு பக்கம் சுமார் 50 கி.மீ., பூராவும் என்எச் 44. நைட் ஷிஃப்ட்டும் உண்டு. தலை அளவு 58.5 செ.மீ., கண்ணாடி போடுறவன். இப்ப இருக்கிற எம் சைஸ் ஃபுல் ஃபேஸ் போட்டா அரை மணி நேரத்துல நெத்தி நடுவுல வலி, கழட்டினா செவப்பா தடம். கடையில எல் எடுக்கச் சொன்னாங்க. போட்டுப் பார்த்தேன், நெத்தி பரவாயில்ல, ஆனா காது பக்கம் ரெண்டும் ஆடுது. எல் வாங்கி உள்ள ஸ்பாஞ்ச் ஒட்டிக்கலாமா? இல்ல, பழசுலயே நெத்திகிட்ட இருக்கிற தெர்மாகோலை ஸ்பூன் வச்சு அமுக்கி விட்டா போதும்னு ஒருத்தர் சொல்றார், அது சரியா? பட்ஜெட் 3,500.

நாலுரோடு_பைக்கர்:
ஸ்பூனைக் கீழ வைங்க முதல்ல. உங்க உயிரைக் காப்பாத்துறதே அந்த தெர்மாகோல்தான். விழும்போது அது நசுங்குது, அந்த நசுங்குற நேரத்துலதான் அடியோட வேகம் குறைஞ்சு மண்டைக்குப் போகுது. ஒரு தடவை நசுங்கினா திரும்ப உப்பாது. நீங்களே முன்கூட்டி நசுக்கி வச்சா, அடி படுறப்ப நசுங்குறதுக்கு அங்க மிச்சம் இருக்காது. அதுவும் நெத்தியில!

உங்க பிரச்சனை சைஸ் இல்ல, வடிவம். நெத்தியும் பின்மண்டையும் அழுந்தி, பக்கவாட்டுல இடம் இருந்தா உங்க தலை நீளவாக்கு, ஹெல்மெட் உருண்டை. நெத்தி சும்மா இருந்து, காதுக்கு மேல பொட்டுப் பக்கம் வலிச்சா அது நேர்எதிர். எல் போட்டப்ப நெத்தி சரியாகி பக்கம் ஆடுச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதைவிட அத்தாட்சி வேண்டாம். முடியை நனைச்சு ஒட்ட வாரிட்டு, உச்சிக்கு நேர் மேலிருந்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்க, முட்டை மாதிரி தெரியும். அதனால வேற சைஸ் தேடாதீங்க, வேற மாடல் தேடுங்க.

இன்னொண்ணு, எம், எல்-ங்கற எழுத்தை நம்பாதீங்க. ஒரு கம்பெனி எல்-னு போட்டு 580 மி.மீ. அச்சடிக்கும், இன்னொண்ணு அதே எல்-லுக்கு 600 போடும். புருவத்துக்கு ரெண்டரை செ.மீ. மேல, காதுக்கு மேலாக, பின்மண்டையோட புடைப்பான இடத்தைச் சுத்தி மூணு தடவை அளங்க. வர்றதுல பெரிய எண்ணை எடுத்து அந்தந்த கம்பெனி சார்ட்ல பாருங்க. ரெண்டு சைஸுக்கு நடுவுல விழுந்தா சின்னதைப் போட்டுப் பாருங்க. கன்னத்து பேட் கொஞ்ச நாள்ல இளகிடும். ஆனா நெத்தியில ஒரே புள்ளியில குத்துற வலி இளகவே இளகாது.

பேட்_மாத்துறவர்:
மேல சொன்னது எல்லாம் சரி. கடையில எப்படிப் பார்க்கணும்னு மட்டும் சேர்த்துக்கறேன்.

போட்டதும் கன்னம் ரெண்டும் உள்ள தள்ளி, பேசினா வாயோரம் கடிபடுற மாதிரி இருக்கணும். ஹெல்மெட்டை ரெண்டு கையால பிடிச்சு இடவலமா ஆட்டுங்க, நெத்தித் தோலும் சேர்ந்து நகரணும். தோல் நின்னு ஹெல்மெட் மட்டும் நகர்ந்தா லூசு. வாரை மாட்டி, தாடைக்கும் வாருக்கும் நடுவுல ரெண்டு விரல் போற அளவுக்கு இறுக்குங்க. அப்புறம் பின்னாடி கீழ் விளிம்பைப் பிடிச்சு மேல முன்பக்கமா தள்ளச் சொல்லுங்க. கண்ணை மறைச்சுக் கழண்டுக்கிட்டு வந்தா எவ்வளவு விலையானாலும் வேண்டாம். கடைசியா, கழட்டாம இருபது நிமிஷம் கடையிலயே உக்காருங்க. கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். உங்களுக்கு வலி அரை மணியில வருதுன்னா இன்னும் பத்து நிமிஷம் கூட.

ஸ்பாஞ்ச் ஒட்டுற ஐடியாவை விடுங்க. அமுங்குற ஸ்பாஞ்ச் அடி படுறப்ப தாங்காது, ஹெல்மெட் திரும்பிடும். பசையோட கரைப்பானும் தெர்மாகோலைத் தின்னும். கழட்டி மாட்டுற பேட் உள்ள மாடலா எடுத்தா சில கம்பெனி கன்ன பேடை வேற தடிமன்ல தர்றாங்க, அது முறையான வழி.

ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேல ஹெல்மெட்டுக்கான தர எண் ஐஎஸ் 4151, கீழ சிஎம்/எல்-னு தொடங்குற லைசென்ஸ் நம்பர் இருக்கணும். ஐஎஸ்ஐ முத்திரை கொடுக்கிற பிஐஎஸ்ஸோட ‘பிஐஎஸ் கேர்’ ஆப்ல அந்த நம்பரைப் போட்டா கம்பெனி பேர் வரும். ஹெல்மெட்ல இருக்கிற பேரும் அதுவும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. பைபாஸ் ஓரத்துல கயித்துல தொங்குற 250 ரூபாய் சரக்குல துணியை விலக்கினா பல நேரம் வெறும் ஸ்பாஞ்ச்தான் இருக்கும். 2021 ஜூன்லேர்ந்து ஐஎஸ்ஐ இல்லாம விக்கவே கூடாது, இருந்தும் தொங்குது.

தொப்பூர்_இறக்கம்:
கண்ணாடி போடுறவங்களுக்கு: காம்பு நேரா, மெல்லிசா இருக்கிற ஃப்ரேம் எடுங்க. காது பின்னாடி வளைஞ்ச காம்பு பேட்ல சிக்கும். சில ஹெல்மெட்ல கன்ன பேடுக்கு மேல காம்புக்குன்னே பள்ளம் விட்டிருப்பாங்க, உங்க கண்ணாடியோட கடைக்குப் போய்ப் போட்டுப் பாருங்க. முகம் திறக்கிற ஃப்ளிப்-அப் வகை கண்ணாடிக்கு வசதி, ஆனா கனம் கூட. தினமும் 100 கி.மீ. ஓட்டுற கழுத்துக்கு நான் சாதா ஃபுல் ஃபேஸ்தான் சொல்லுவேன். முன்னாடி கொக்கு மூக்கு மாதிரி நீட்டின ஆஃப்-ரோடு மாடல் வேண்டவே வேண்டாம். லாரி ஓவர்டேக் பண்ணும்போது காத்து அதைப் பிடிச்சுத் தலையைத் தூக்கும்.

நைட் ஷிஃப்ட்டுன்னா நிறமே இல்லாத வெள்ளை வைசர் மட்டும். கருப்பு வைசரை வெயிலுக்கு வச்சுக்கோங்க. கீறல் விழுந்த வைசர்ல எதிர் ஹெட்லைட் நட்சத்திரமா சிதறும், ரோடு தெரியாது. அதனால பூச்சி ஒட்டினா வறட்டுத் துணியால தேய்க்காதீங்க. ஈரத்துணியை அஞ்சு நிமிஷம் மேல போட்டு வைங்க, ஊறி வந்துடும். பெட்ரோல், தின்னர் வைசர்லயும் படக்கூடாது, ஹெல்மெட்டோட வெளி ஓட்டுலயும் படக்கூடாது. வைசர் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட்ல கண்ணுக்குத் தெரியாம வெடிப்பு விழும். மார்கழி, தை காலையில ஓசூர் பக்கம் மூச்சு பட்டே பனி பிடிக்கும். தாடைகிட்ட இருக்கிற காத்துத் துளையை (வென்ட்) திறந்து, வைசரை ஒரு நாட்ச் தூக்கி வைங்க. பின்லாக்னு வைசருக்கு உள்பக்கம் மாட்டுற, பனி பிடிக்காத தகடு வைசருக்கு உதவும், உங்க கண்ணாடிக்கு உதவாது.

கிருஷ்ணகிரி_ஷிஃப்ட்:
ரொம்ப நன்றிங்க. ஞாயித்துக்கிழமை மூணு மாடல் போட்டுப் பார்க்கறேன். பழைய எம்-ஐ வீட்டுக்காரம்மா பின்னாடி உக்கார்றப்ப போட்டுக்கலாமா? கீழ விழுந்ததில்ல. பாப்பாவுக்கு மூணு வயசு, அதுக்கும் சொல்லுங்க.

பேட்_மாத்துறவர்:
அவங்க தலையையும் அளந்து, மேல சொன்ன அதே சோதனை. ஸ்டிக்கர்ல தயாரிப்பு மாசம், வருஷம் பாருங்க, தினமும் போட்டு அஞ்சு வருஷம் ஆயிருந்தா வேண்டாம். உள்துணியை எடுத்துத் தெர்மாகோல்ல குழி இருக்கான்னு தடவிப் பாருங்க. மிரர்ல மாட்டி வச்ச ஹெல்மெட்ல கம்பி அழுந்தின குழி பெரும்பாலும் இருக்கும். பாப்பாவுக்கு 9 மாசத்துலேர்ந்து 4 வயசு வரைக்கும் ஹெல்மெட்டோட, ஓட்டுறவரோட சேர்த்துக் கட்டுற பெல்ட்டும் கட்டாயம், வண்டி 40 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது. பெரியவங்க ஹெல்மெட்டுக்குள்ள துணி திணிச்சுப் போட்டு விடாதீங்க, குழந்தை அளவுலயே கிடைக்குது.