மேய்ச்சல் நிலத்திற்கும் தசமபாகமா? புல்லில் பத்தில் ஒன்றை எப்படி அளந்தார்கள்?

பெரம்பூர் வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தரமணியில் ஓர் அலுவலகத்தில், இங்கிலாந்தின் பழைய நில ஆவணங்களைப் படித்துக் கணினியில் ஏற்றும் வேலை பார்க்கிறேன். சென்ற வாரத்திலிருந்து 1840ஆம் ஆண்டை ஒட்டிய தசமபாகப் பதிவேடுகள், அதாவது விளைச்சலில் பத்தில் ஒன்றைத் தேவாலயத்திற்குச் செலுத்தும் பங்கின் கணக்குகள், வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வரியிலும் நில உரிமையாளர், அனுபவதாரர், வரைபட எண், வயலின் பெயர், சாகுபடி விவரம், பரப்பு ஆகியவை வரிசையாக இருக்கின்றன. நம் ஊர் அடங்கலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் பெரிய சிரமம் இல்லை. கடைசிக் கட்டத்தில் குருவானவருக்குச் சேர வேண்டிய தொகை, பவுண்டு, ஷில்லிங், பென்னிக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது.

கோதுமை விளையும் நிலத்திற்கு அப்படி ஒரு தொகை இருப்பது புரிகிறது. ஆனால் "மேய்ச்சல்" என்று குறித்திருக்கும் வயல்களுக்கும் தொகை போட்டிருக்கிறார்கள். எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகைக்குப் பூசணிக்காயும் சேவலும் கொண்டுவந்து வைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவதைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். புல்லுக்கட்டோடு வந்தவரைப் பார்த்ததில்லை. அந்த நிலம் தேவாலயத்திற்குச் சொந்தம் என்பதால் வாங்கிய குத்தகையா, அல்லது வனத்துறை மாட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் மேய்ச்சல் கட்டணத்தைப் போன்றதா? இன்னொன்று: சில மேய்ச்சல் வயல்களுக்குத் தொகைக்கட்டம் காலியாக இருக்கிறது. எழுத்தர் விட்டுவிட்டாரா என்றும் தெரியவில்லை.

ஏட்டுக்கணக்கு

இரண்டும் அல்ல. தேவாலய ஊழியருக்கென்றே இருந்த நிலத்திற்குக் கிளீப் என்று தனிப்பெயர் உண்டு. அதில் அவரே மாடு மேய்க்கலாம், குத்தகைக்கும் விடலாம். தசமபாகம் என்பது அடுத்தவர் நிலத்தில் அந்த ஆண்டு புதிதாகப் பெருகியதன்மீது இருந்த பாத்தியதை. நிலம் யாருடையது என்ற கேள்வியே அதில் எழாது.

பெருகியதில் பத்தில் ஒன்று என்ற விதியைக் கதிருக்குப் பொருத்துவது எளிது: பத்தாவது கட்டை வயலிலேயே ஒதுக்கி வைத்துவிடலாம். ஆடு மாடுகளிலும் ஓரளவு எளிதுதான். பத்தாவது குட்டி, கம்பளி மயிரில் பத்தில் ஒரு பங்கு, பாலில் ஒரு பங்கு என்று வாங்கினார்கள். லேவியராகமம் 27ஆம் அதிகாரத்தில் மந்தை கோலின்கீழ் கடந்துபோக, பத்தாவது உருப்படி கர்த்தருக்கு என்று ஒதுக்கப்படுவதை நீங்கள் படித்திருப்பீர்கள். சிக்கல் வந்தது, கன்றும் ஈனாமல் பாலும் கறக்காமல் கறிக்காகக் கொழுக்க வைக்கப்படும் வறட்டு மாடுகளில். அவற்றிலிருந்து எதை எண்ணிப் பத்தாவதைப் பிரிப்பது? மாடு புல்லைத் தின்கிறது, புல்லோ நிலத்தின் விளைச்சல், ஆகவே மாட்டின் வாயே அங்கு அரிவாள் என்று சட்டம் வாதிட்டது. அதே புல்லில் பிறர் மாட்டைக் கூலிக்கு மேயவிட்டால் என்ன கிடைக்குமோ, அந்த மதிப்பில் பத்தில் ஒன்றைக் கேட்டார்கள். இதற்கு அஜிஸ்ட்மென்ட் தசமபாகம் என்று பெயர்.

ஒரே விளைச்சலுக்கு இருமுறை வாங்கக்கூடாது என்பதால் விலக்குகளும் இருந்தன. கறவை மாடு பாலில் கொடுத்துவிடுகிறது, உழவு மாடு அந்த ஊழியரின் பங்கான தானியத்தையே விளைவிக்கிறது. ஆகவே அவை தின்னும் புல்லுக்குத் தனியாக இல்லை. வைக்கோற்புல் அறுத்துத் தசமபாகம் கொடுத்த வயலில் பின்னர் துளிர்க்கும் புல்லுக்கும் இல்லை. பொது மேய்ச்சலில், நிலம் எந்தத் திருச்சபை வட்டத்தைச் சேர்ந்தது என்று தெரியாவிட்டால், மாட்டுக்காரர் குடியிருக்கும் வட்டத்திற்குச் செலுத்த வேண்டும் என்று 1549ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. மேய்ப்பவன் மந்தையை எல்லைக்கு அப்பால் ஓட்டிவிட்டால் என்ன செய்வது என்ற கவலை அவர்களுக்கும் இருந்திருக்கிறது!

கிடைக்காரன்

அருமையான விளக்கம், ஐயா. நம் ஊரிலும் இதற்கு இணை உண்டல்லவா? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகளை ஒப்படைத்து, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கச் சொல்லியிருக்கிறார்கள். "சாவா மூவாப் பேராடு" என்பார்கள். அதுவும் மந்தையிலிருந்து கோயிலுக்குச் சேர்ந்ததுதானே?

ஏட்டுக்கணக்கு

பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் திசை எதிரானது. அங்கே கொடையாளர் ஆடுகளை முதலாக விட்டு வைக்கிறார். இடையர் அந்த முதலைப் பெற்றுக்கொண்டு நெய் அளக்கிறார். தசமபாகத்தில் மாட்டுக்காரர் எதையும் பெற்றுக்கொள்ளவில்லை, பங்கு மட்டும் போகிறது. ஆனால் ஆடுகள் செத்தாலும் குட்டிகளால் எண்ணிக்கை நிறைந்து, கணக்கில் 96 குறையாமலே நிற்கும் அந்த ஏற்பாடு என்னைப் பொறுத்தவரை ஆங்கிலேயர் கணக்கைவிடச் சுத்தமானது.

தெற்கு வீதி

மேய்ச்சல் நிலம் என்று வந்தால் அயர்லாந்தைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. அங்கே 1736இல், பெருநிலக்காரர்கள் நிறைந்திருந்த கீழவை, வறட்டு மாடுகளின் மேய்ச்சலுக்குத் தசமபாகம் கேட்பது அநியாயம் என்று தீர்மானம் போட்டது. அதற்குப் பின் குருமார் அதைக் கேட்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டனர். 1800இல் அந்த விலக்கு சட்டமாகவே ஆகிவிட்டது. ஆயிரம் ஏக்கரில் மாடு மேய்த்த கனவான் தப்பித்துக்கொள்ள, பக்கத்துக் குழியில் உருளைக்கிழங்கு போட்ட ஏழை, அதுவும் பெரும்பாலும் கத்தோலிக்கர், தன் சபை அல்லாத புராட்டஸ்டன்ட் சபைக்குப் பங்கு கொடுத்துக்கொண்டிருந்தார். மன்ஸ்டர் பகுதியில் உருளைக்கிழங்குக்கும் தசமபாகம் உண்டு.

1823இல் தசமபாகத்தைப் பணமாக மாற்ற ஒரு சட்டம் வந்தபோது மேய்ச்சல் நிலமும் உள்ளே கொண்டுவரப்பட்டது. பார்ப்பதற்கு நியாயமான திருத்தம். ஆனால் அதுவரை ஒதுங்கியிருந்த வசதியான மாட்டுக்காரர்களும் அதனால் எதிர்ப்பில் சேர்ந்துகொண்டார்கள். 1830களின் தொடக்கத்தில் கில்கென்னி மாவட்டத்தின் கிரெய்க்னமனாவில் மூண்ட மறுப்பு, தசமபாகப் போர் என்று பெயர் வாங்கும் அளவுக்குப் பரவியது. பாக்கிக்காக மாடுகளைப் பிடித்து ஏலம் விட்டால், கேட்க ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். பெரம்பூர் வாசி தன் சபையில் ஒரு சேவலுக்குப் போட்டிபோட்டு விலை ஏற்றுபவர்களைப் பார்த்திருப்பார். அங்கே அடிமாட்டு விலைக்குக்கூட ஆள் இல்லை. 1831 டிசம்பரில் காரிக்ஷாக்கிலும் 1834 டிசம்பரில் ரத்கார்மக்கிலும் உயிர்கள் போயின; இரண்டாவதில் தகராறு ஒரு கைம்பெண் கட்ட வேண்டிய 40 ஷில்லிங்கைப் பற்றியது. 1838இல் தொகையில் கால் பங்கைக் குறைத்து, சுமையை நில உரிமையாளரின் வாடகைக்குள் நுழைத்த பின்னரே அடங்கியது.

பெரம்பூர் வாசி

தெளிவாக விளங்கியது, நன்றி. என் பதிவேட்டில் ஒரே வயலுக்குச் சில இடங்களில் இரண்டு தொகைக்கட்டங்கள் இருக்கின்றன. ஒன்று குருவானவருக்கு, மற்றொன்று ஊழியரே அல்லாத ஒரு பிரபுவுக்கு. மேலும், அந்தத் தொகை ஆண்டுதோறும் மாறாததா?

ஏட்டுக்கணக்கு

தானியமும் வைக்கோற்புல்லும் பெரிய தசமபாகம், அது அந்த வட்டத்தின் முழு உரிமைக் குருவான ரெக்டருக்கு. குட்டி, பால், மேய்ச்சல் போன்றவை பெரும்பாலும் சிறிய தசமபாகம்; அது ரெக்டருக்குப் பதிலாக ஊழியம் செய்யும் விகாருக்கு. பல ஊர்களில் ரெக்டரின் இடத்தில் ஒரு மடம் இருந்தது. எட்டாம் ஹென்றி 1530களில் மடங்களைக் கலைத்தபோது அந்த உரிமை விலைபோய்ப் பிரபுக்கள் கைக்கு வந்துவிட்டது. உங்கள் பிரபு அப்படி வந்தவராக இருக்கலாம்.

தொகை மாறும், மாறுவதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1836ஆம் ஆண்டுச் சட்டம் பங்கைப் பணமாக்கியபோது, அதை மூன்று சம பங்காகப் பிரித்துக் கோதுமை, பார்லி, ஓட்ஸ் ஆகியவற்றின் ஏழாண்டுச் சராசரி விலையோடு கட்டிவைத்தார்கள். தொடக்க விலை ஒரு புஷலுக்கு (தானியம் அளக்கும் ஆங்கில அளவு) கோதுமை 7 ஷில்லிங் 0¼ பென்னி, பார்லி 3 ஷில்லிங் 11½ பென்னி, ஓட்ஸ் 2 ஷில்லிங் 9 பென்னி. ஒரு கதிர்கூட விளையாத உங்கள் மேய்ச்சல் வயலின் தொகையும் கோதுமை விலையோடுதான் ஏறி இறங்கியது. பின்னர் 1936ஆம் ஆண்டுச் சட்டம் அதை 60 ஆண்டுத் தவணையாக்கியது. 1977இல் அத்தவணையும் முடித்துவைக்கப்பட்டது.

காலிக் கட்டங்களை எழுத்தரின் பிழை என்று உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள். மடத்து நிலமாக இருந்து விலக்குப் பெற்றவற்றிற்கு 1539ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விலக்கைத் தொடரவிட்டது. கிளீப் நிலத்தை ஊழியரே வைத்திருந்தால் தனக்குத் தானே கட்டமாட்டார். மோடஸ் என்ற பழைய வழக்கத்தொகையும் இருக்கலாம்: பசுவுக்கு இத்தனை பென்னி, புல்வெளிக்கு இத்தனை பென்னி என்று பத்தில் ஒன்றுக்குப் பதிலாகக் கொடுத்து வந்தது. அது 1189க்கு முன்பே வழங்கியதாகக் கருதப்பட வேண்டும் என்பதால், அக்காலத்திற்கு ஒவ்வாத பெரிய தொகையாக இருந்தால் நீதிமன்றம் செல்லாது என்று தள்ளிவிடும். எந்த வயலுக்கு எது என்பது பதிவேட்டின் முன்பக்கத்தில், பட்டியல் தொடங்குவதற்கு முன்னுள்ள நீண்ட பத்திகளில் எழுதப்பட்டிருக்கும்.

பெரம்பூர் வாசி

அந்தப் பத்திகளைப் பதிவேற்றத் தேவையில்லை என்று சொன்னதால் இதுவரை தாண்டிக்கொண்டே வந்திருக்கிறேன். இன்று ஒன்றைத் திறந்து படித்தேன். காலியாக இருந்த ஏழு வயல்களும் அதில் வரிசையாக இருக்கின்றன, பசுவுக்கு இரண்டு பென்னி என்ற குறிப்போடு.