கரு வளர்ந்தும் குஞ்சு வெளிவராமல் இறந்துவிடுகிறது: என்ன காரணம்?

கேள்வி:
வணக்கம். விசிறி இல்லாத சிறிய இன்குபேட்டரில் கோழி முட்டைகளை அடை வைத்து வருகிறேன். மூடியின் உட்புறம் தொங்கும் வெப்பமானி 37.5 டிகிரி செல்சியஸ் காட்டுகிறது. தண்ணீர்த் தட்டை முதல் நாளிலிருந்தே நிரப்பி வைக்கிறேன். ஏழாம் நாள் வெளிச்சம் வைத்துப் பார்க்கும்போது பெரும்பாலான முட்டைகளில் இரத்த நாளங்கள் நன்றாகவே தெரிகின்றன. இருந்தும் பாதிக்கும் குறைவாகவே பொரிக்கின்றன; அவையும் 21ஆம் நாளைத் தாண்டி 22, 23ஆம் நாள்களில்தான் வெளிவருகின்றன. பொரிக்காதவற்றை உடைத்தால், முழுதாக வளர்ந்த குஞ்சு உடல் ஊதி, ஈரம் சொட்ட இறந்து கிடக்கிறது. குறை முட்டையிலா, கருவியிலா?

பதில் 1:
ஏழாம் நாள் இரத்த நாளங்கள் தெரிகின்றன என்றால் சேவலைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பொரிப்பு தள்ளிப்போவது பெரும்பாலும் வெப்பக் குறைவின் அடையாளம். 37.5 டிகிரி என்பது விசிறி உள்ள கருவிக்கு உரிய அளவு. விசிறி இல்லாத பெட்டியில் சூடான காற்று மேலே தங்கிவிடுவதால், மூடியருகே 37.5 காட்டும்போது முட்டைகள் இருக்கும் மட்டத்தில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். வெப்பமானியின் முனையை முட்டைகளின் மேற்புறத்தோடு ஒரே மட்டத்தில் வைத்து, அங்கே 38.3 முதல் 38.9 வரை வரும்படி அமையுங்கள். கருவியோடு வரும் வெப்பமானியை நான் எப்போதும் நம்புவதில்லை. அதன் முனையையும் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியையும் வெதுவெதுப்பான நீரில் ஒன்றாக அமிழ்த்தி, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

பதில் 2:
வெப்பத்தைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் ஊதிய, ஈரமான குஞ்சு என்றதும் எனக்கு அந்தத் தண்ணீர்த் தட்டின் மீதுதான் சந்தேகம். அடையிலிருக்கும் முட்டை 18ஆம் நாளுக்குள் தன் எடையில் ஏறக்குறைய 11 முதல் 13 விழுக்காட்டை ஓட்டின் நுண்துளைகள் வழியே நீராவியாக இழந்தாக வேண்டும். அந்த இழப்பினால்தான் அகன்ற முனையிலுள்ள காற்றறை பெரிதாகிறது. ஓட்டைக் கொத்துவதற்கு முன் குஞ்சு தன் முதல் மூச்சை இழுப்பது அந்த அறையில்தான். முதல் நாளிலிருந்தே பெட்டிக்குள் ஈரம் மிகுந்திருந்தால் நீர் வெளியேறாது, காற்றறை சிறுத்துவிடும், குஞ்சு மூச்சுத் திணறி இறக்கும்.

முதல் 18 நாள்களுக்கு ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடும், அதன்பின் பொரிக்கும் வரை 65 முதல் 70 விழுக்காடும் இருந்தால் போதும். தண்ணீரின் ஆழத்தைக் கூட்டிக் குறைப்பதில் பயனில்லை. காற்றில் படும் நீர்ப்பரப்பே ஈரப்பதத்தைத் தீர்மானிக்கிறது. இன்னும் நம்பகமான வழி, முட்டைகளை நிறுத்துப் பார்ப்பது: 50 கிராமில் தொடங்கிய முட்டை 18ஆம் நாள் 44 கிராம் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. காற்றறை சிறியதாக இருந்ததை நானும் கவனித்தேன், பொருட்படுத்தவில்லை. இன்னொரு ஐயம்: ஓட்டில் துளையிட்டபின் நெடுநேரம் அசையாமல் இருக்கும் குஞ்சுக்கு ஓட்டை உடைத்து உதவலாமா?

பதில் 3:
அவசரப்படாதீர்கள். முதல் துளைக்குப் பின் 12 முதல் 24 மணி நேரம் குஞ்சு ஓய்ந்திருப்பது இயல்பு. அந்த நேரத்தில்தான் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படுகிறது, சவ்விலுள்ள இரத்தமும் உடலுக்குத் திரும்புகிறது. அதற்குள் ஓட்டைப் பிய்த்தால் இரத்தம் கசிந்து குஞ்சு இறக்கக்கூடும். 18ஆம் நாளோடு முட்டைகளைத் திருப்புவதை நிறுத்திவிட்டு, மூடியையும் திறக்காமல் இருங்கள். திறந்தால் ஈரம் வெளியேறி, துளையிட்ட மற்ற முட்டைகளின் சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் காற்றுத் துளைகளை அடைக்க வேண்டாம், கடைசி நாள்களில்தான் குஞ்சுகளுக்கு உயிர்வளி அதிகம் தேவை. முதலில் பொரித்தவை உள்ளே பசியோடு கிடக்குமே என்ற கவலையும் வேண்டாம்: உள்ளிழுத்த மஞ்சள் கருவைக் கொண்டே அவை இரண்டு நாள் வரை தாக்குப்பிடிக்கும்.