ஒளிரும் எல்பிஎஸ் செல்லில் ஒட்டுகிறது, டிஎன்எஃப் மட்டும் வரவில்லை – உதவி தேவை

கேள்வி (ஆய்வு மாணவி)

வணக்கம். ஈ. கோலை பாக்டீரியாவின் எண்டோடாக்சின் நச்சான எல்பிஎஸ், எஃப்ஐடிசி என்ற ஒளிரும் சாயம் ஏற்றியது, விலைக்கு வாங்கியது. டிஹெச்பி-1 என்ற மனித வெள்ளணு வகைச் செல்களில் மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வீதம் சேர்த்து, 37 டிகிரியில் வைத்து, கழுவி, ஒவ்வொரு செல்லின் ஒளியையும் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டுகிறேன். மொத்தக் கூட்டமும் வலப்பக்கம், அதாவது ஒளி கூடிய பக்கம், நகர்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போட்டிக்குச் சாயமில்லாத எல்பிஎஸ்ஸை 50 மடங்கு சேர்த்தாலும் பீக் அசையவே இல்லை. அதே தட்டுக் குழிகளின் மேல்நீரில் எலைசா (புரதத்தை அளக்கும் சோதனை) போட்டால், செல் அழற்சிக்காக வெளியிடும் டிஎன்எஃப் புரதம் பெயருக்குத்தான் வருகிறது. எங்கள் ஆய்வகத்தில் இதே செல்லுக்குச் சாதாரண எல்பிஎஸ் 100 நானோகிராம் போட்டாலே டிஎன்எஃப் ஏறும். சாயம் ஏற்றியதில் நச்சு செயலிழந்துவிட்டதா? வேறு பாட்டில் வாங்கலாமா?

பதில் 1

பாட்டிலுக்குக் காசு செலவழிக்கும் முன் ஒன்று சொல்லுங்கள். மீடியத்தில் சீரம் இருந்ததா? செல்களை பிஎம்ஏ (மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கும் செல் போல மாற்றும் வேதிப்பொருள்) போட்டு மாற்றினீர்களா, அப்படியே மிதக்கவிட்டீர்களா?

ஆய்வு மாணவி

சீரம் இல்லை. சீரம் புரதங்கள் குறுக்கே வரக்கூடாது என்று சீனியர் எடுக்கச் சொன்னார். செல்கள் அப்படியேதான், பிஎம்ஏ போடவில்லை. பழைய டிஎன்எஃப் சோதனை 10 சதவீத எஃப்பிஎஸ்ஸில் (கன்றுக்கரு சீரம்) நடந்தது.

பதில் 2

அப்படியானால் சாயத்தைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு சோதனைக்கும் நடுவே சாயம் மட்டுமல்ல, சீரமும் மாறியிருக்கிறது.

எல்பிஎஸ் தண்ணீரில் தனி மூலக்கூறாக நிற்காது. கொழுப்பு வால்கள் ஒன்றோடொன்று சேர்ந்து திரளாகிவிடும். சீரத்திலுள்ள எல்பிபி என்ற புரதம்தான் லோடுமேன் மாதிரி, திரளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து செல் மேலுள்ள சிடி14 என்ற ஏற்பியிடம் கொடுக்கும். சிடி14 அதை எம்டி-2, டிஎல்ஆர்4 என்ற ஏற்பி ஜோடிக்குக் கைமாற்றும். டிஎன்எஃப்புக்கான சமிக்ஞை அங்கேதான் கிளம்புகிறது. சீரத்தை எடுத்தால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே தடுமாறும்.

போதாக்குறைக்கு, தூண்டாத டிஹெச்பி-1-இல் சிடி14 குறைவு. இருக்கிற கொஞ்ச ஏற்பிக்கு 5 மைக்ரோகிராம் ரொம்ப அதிகம். உபரியெல்லாம் கொழுப்பு வால் வழியே சவ்வில் எங்கு வேண்டுமானாலும் ஒட்டும். அந்த ஒட்டலுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது, அதனால் 50 மடங்கு போட்டி வைத்தாலும் பீக் நகராது. நீங்கள் பார்க்கிற ஒளியில் பெரும்பகுதி இதுவாகத்தான் இருக்கும்.

ஒளி பிணைப்பைக் காட்டும், பதில்வினையைக் காட்டாது. சி3ஹெச்/ஹெச்இஜே எலிகளை நினைத்துப் பாருங்கள்: அவற்றின் மேக்ரோஃபேஜ்களில் எல்பிஎஸ் ஒட்டும், டிஎன்எஃப் வராது. டிஎல்ஆர்4-இல் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதுதான் காரணம். 1998-இல் ப்ரூஸ் பாய்ட்லர் குழு அதைக் கண்டுபிடித்தது; 2011-இல் அவருக்கு நோபல் கிடைத்ததும் இந்த வேலைக்குத்தான்.

செய்ய வேண்டியது: 5 முதல் 10 சதவீதம் சீரம். வைட்டமின் டி3-இன் செயல்வடிவம் 100 நானோமோலார், இரண்டு மூன்று நாள். சிடி14 நன்றாக ஏறும், அதைத் தனி ஆன்டிபாடி வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எல்பிஎஸ்ஸை 1 மைக்ரோகிராமுக்குக் கீழே இறக்குங்கள். சாயமில்லாததை முதலில் போட்டு, அப்புறம் சாயமுள்ளது. இரண்டையும் முன்பே கலந்தால் கலப்புத் திரள் உண்டாகிக் கணக்கு குழம்பும். சாயமுள்ளதையும் இல்லாததையும் ஒரே சீரத்தில், ஒரே அளவில் வைத்து டிஎன்எஃப் பாருங்கள். நச்சு உயிரோடு இருக்கிறதா என்பதற்கு அதுதான் நேரடிப் பதில்.

பதில் 3

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். பாட்டிலைப் பயன்படுத்தும் முன் சோனிகேட்டர் தொட்டியில் வைத்து, நன்றாக வோர்டெக்ஸ் செய்யுங்கள். நீர்த்த கரைசலைப் பிளாஸ்டிக் குழாயில் நாள்கணக்கில் வைக்காதீர்கள், சுவரில் ஒட்டிக்கொள்ளும். செத்த செல் சாயத்தை வாரி இழுக்கும், ஆகவே செத்ததைப் பிரித்துக் காட்டும் வயபிலிட்டி சாயம் கட்டாயம்.

வெளியே ஒட்டியது எது, உள்ளே போனது எது என்று பிரிக்க டிரைப்பான் ப்ளூ போடலாம். வெளியிலுள்ள எஃப்ஐடிசி ஒளியை அது அணைத்துவிடும்.

பதில் 2

டிரைப்பான் ப்ளூவை நான் அவ்வளவு நம்புவதில்லை. அது தானே சிவப்புச் சேனலில் ஒளிரும், வேறு நிறங்கள் வைத்திருந்தால் தொல்லை. 4 டிகிரியில் ஒரு தட்டு, 37 டிகிரியில் ஒரு தட்டு என்று சேர்த்து வைத்தால் முடிவு இன்னும் தெளிவாக வரும். குளிரில் உள்ளிழுப்பு நின்றுவிடும்.

ஆய்வு மாணவி

வைட்டமின் டி3, 10 சதவீத சீரம், 500 நானோகிராம் என்று மாற்றினேன். ஒளி முன்பைவிடக் குறைவு, ஆனால் சாயமில்லாததை முதலில் போட்டால் இப்போது பீக் தெளிவாக இறங்குகிறது. டிஎன்எஃப்பும் வந்துவிட்டது, சாயமுள்ளது சற்றுக் குறைவு, மற்றபடி ஒரே போக்கு. பெரிய நன்றி! இன்னொரு சந்தேகம்: 37 டிகிரியில் அரை மணிக்கு இருந்த ஒளி இரண்டு மணிக்குள் மங்குகிறது. செல் வெளியே தள்ளுகிறதா?

பதில் 3

அப்படியும் இருக்கலாம், ஆனால் முதலில் பிஹெச்சைச் சந்தேகப்படுங்கள். எஃப்ஐடிசி அமிலத்தில் மங்கும். உள்ளே போனது சேரும் லைசோசோம் பையின் பிஹெச் 5-க்குப் பக்கத்தில். ஓட்டுவதற்கு முன் ஒரு குழாயில் அந்த அமிலத்தன்மையைப் போக்கும் மோனென்சின் சேர்த்து நடுநிலை பஃபரில் சில நிமிடம் வையுங்கள். ஒளி திரும்பினால் எல்பிஎஸ் உள்ளேயே இருக்கிறது. திரும்பாவிட்டால் வெளியேற்றத்தையோ சிதைவையோ தேடலாம். நீண்ட நேரச் சோதனைதான் திட்டம் என்றால் அடுத்த முறை அலெக்ஸா 488 சாயம் ஏற்றியதை வாங்குங்கள், அதற்கு இந்தப் பிஹெச் பிரச்சினை இல்லை.