மூன்று அணியும் கைவிடவில்லை, 260 டாலர் எப்படி 183.33 ஆனது?

மஞ்சக்குப்பம் பேரேடு:

வணக்கம். கடலூரிலிருந்து எழுதுகிறேன். கூட்டுறவு வங்கி ஒன்றில் முப்பத்தோரு ஆண்டுகள் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன். ஒரு ரூபாய் இடித்தாலும் அதைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போனதில்லை. இப்போது 76 டாலர் 67 சென்ட் இடிக்கிறது. மூன்று நாளாகத் தேடுகிறேன், பிடிபடவில்லை.

என் மகன் நியூஜெர்சியில் வேலை செய்கிறான். அங்கே விளையாட்டுப் பந்தயத்துக்குச் சட்ட அனுமதி உண்டு. போன ஞாயிறு அமெரிக்கக் கால்பந்தில் மூன்று ஆட்டங்களைச் சேர்த்து நூறு டாலர் கட்டியிருக்கிறான். அதற்கு டீசர் என்று பெயராம். ஏதோ புதுப்படத்தின் முன்னோட்டம் என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்றும் கைகூடினால் முதலோடு சேர்த்து 260 டாலர் என்று சீட்டிலேயே இருக்கிறது. வந்தது 183.33. "ஒரு அணிகூட என்னைக் கைவிடவில்லை அப்பா, நிறுவனம் ஏமாற்றிவிட்டது, நீங்களே கணக்குப் பாருங்கள்" என்று சீட்டைப் படமெடுத்து அனுப்பிவிட்டான். அவன் அம்மாவுக்கு இது தெரியாது. தெரியவும் வேண்டாம்.

சீட்டில் உள்ளது இதுதான். மேலே: ஆறு புள்ளி டீசர், பிளஸ் 160, அதாவது நூறு கட்டினால் 160 லாபம். முதல் அணிக்கு மைனஸ் 8.5 என்று இருந்தது மைனஸ் 2.5 ஆகியிருக்கிறது, அது 7 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. இரண்டாவது அணிக்கு பிளஸ் 1.5 என்பது பிளஸ் 7.5, அது 4 புள்ளியில் தோற்றது, ஆனாலும் நமக்கு வெற்றியாம். மூன்றாவது அணிக்கு மைனஸ் 9 என்பது மைனஸ் 3. அது 3 புள்ளியில் வென்றது.

நான் போட்ட கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தனி ஆட்டத்துக்கு வழக்கமான விலை மைனஸ் 110 என்றான் மகன். நூறு டாலருக்கு 110 பிடித்தம் போலிருக்கிறது என்று ஒரு நாள் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். பிறகுதான் 110 கட்டினால் 100 லாபம் என்று பொருள் எனத் தெரிந்தது. அப்படியானால் ஒரு டாலர் 1.9091 ஆகிறது. மூன்று முறை பெருக்கினால் நூறு டாலருக்கு 695.79 வர வேண்டும். 260 என்று எழுதியதே எனக்குப் புரியவில்லை. சரி, ஏதோ காரணத்தால் மூன்றில் ஓர் ஆட்டத்தைக் கழித்துவிட்டார்கள் என்று வைத்தாலும், 160இல் மூன்றில் இரண்டு பங்கு 106.67 லாபம் வர வேண்டுமே. 83.33 எங்கிருந்து வந்தது?

லாஸ்பேட்டை கபடி:

ஐயா, அமெரிக்கக் கால்பந்து எனக்கும் தெரியாது. ஆனால் மைனஸ், பிளஸ் தெரியும். எங்கள் தெருவில் பெரியவர்கள் அணியும் பொடியன்கள் அணியும் கபடி ஆடினால், பொடியன்களுக்கு ஒன்பது புள்ளியை முன்கூட்டியே போட்டுவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குவோம். அதுதான் மைனஸ் 9. பெரியவர்கள் பத்துப் புள்ளியிலாவது வென்றால்தான் அவர்கள் பக்கம் கட்டியவருக்குக் காசு. பிளஸ் 7.5 என்றால் அந்த அணி ஏழு புள்ளி வரை தோற்கலாம், நமக்கு வெற்றிதான்.

உங்கள் மூன்றாவது அணி 3 புள்ளியில் வென்றது. மைனஸ் 3 போக மிச்சம் பூஜ்யம். பூஜ்யம் என்றால் வெற்றி இல்லை. வெற்றி இல்லை என்றால் தோல்வி. மூன்றில் ஒன்று தோற்றால் முழுச் சீட்டும் போயிற்று. 183 டாலர் தவறுதலாக வந்திருக்கிறது. திருப்பிக் கேட்பதற்குள் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை சோதனை மேசை:

கபடி அண்ணன் முதல் பத்தியில் சொன்னது சரி. இரண்டாவது பத்தி தவறு. புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டுப் பந்தய நிறுவனத்துக்கான மென்பொருளை நான்கு ஆண்டுகள் சோதித்தவள் நான். பணம் கட்டுவது எங்கள் வேலை இல்லை, பட்டுவாடா சரியாக வருகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. எங்களை அதிகமாக அழவைத்தது டீசர்தான்.

ஐயா, முதலில் அந்த 695ஐ அடித்துவிடுங்கள். அது பார்லே என்ற வேறொரு பந்தயத்தின் கணக்கு. பார்லேயில் கோடு, அதாவது ஒவ்வோர் அணிக்கும் போட்ட அந்த மைனஸ், பிளஸ் புள்ளி, நகராது. அதனால் ஆட்டத்துக்கு ஆட்டம் பெருக்கிக்கொண்டு போகலாம். டீசரில் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஆறு புள்ளியை உங்கள் மகன் பக்கம் நகர்த்திக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சலுகைக்கான விலையைத்தான் 695இலிருந்து 260க்கு இறக்கி எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சலுகை இல்லாமல் அதே சீட்டை ஒருமுறை பாருங்கள். மைனஸ் 8.5, 7 புள்ளியில்தான் வென்றது: தோல்வி. பிளஸ் 1.5, 4 புள்ளியில் தோற்றது: தோல்வி. மைனஸ் 9, 3 புள்ளியில் வென்றது: தோல்வி. பார்லே கட்டியிருந்தால் மூன்றுமே போயிருக்கும். கைவிடாத அணிகள் என்று உங்கள் மகன் சொல்வது அந்த ஆறு புள்ளியின் தயவு.

அடுத்தது, மூன்றாவது ஆட்டம். கோடும் வித்தியாசமும் ஒன்றாக வந்தால் அதை புஷ் என்பார்கள், அதாவது சமன். அது வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. பெரும்பாலான இடங்களில் அந்த ஆட்டம் சீட்டிலேயே இல்லாததுபோல நீக்கிவிடுவார்கள். மூன்று ஆட்ட டீசர் இரண்டு ஆட்ட டீசராக இறங்கிவிடும். சமன் வந்தாலே தோல்வி என்று விதி வைத்திருக்கும் இடங்களும் உண்டு. கபடி அண்ணன் சொன்னபடி நடப்பது அங்கே மட்டும்தான்.

நீங்கள் 160ஐ மூன்றால் வகுத்தீர்கள் பாருங்கள், கணக்கு இடிப்பது அங்கேதான். டீசரில் விகிதம் கிடையாது, பட்டியல்தான் உண்டு. இரண்டு ஆட்டத்துக்கு ஒரு விலை, மூன்றுக்கு ஒரு விலை என்று தனித்தனியாக அச்சிட்டிருப்பார்கள். மகனிடம் விதிப் பக்கத்தை அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு ஆட்டத்துக்கு ஆறு புள்ளி என்ற வரியில் மைனஸ் 120 இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன், இந்த ஊரில் அதற்கு அனுமதி இல்லை என்பதால் விடுகிறேன்.

மஞ்சக்குப்பம் பேரேடு:

அம்மா, விதிப் பக்கம் வந்துவிட்டது. இரண்டு ஆட்டம், ஆறு புள்ளி, மைனஸ் 120. 120க்கு 100 லாபம் என்றால் 100க்கு 83.33. முதலோடு 183.33. காசு சுத்தமாக ஒத்துப்போகிறது. சமன் ஆனால் சீட்டு அடுத்த குறைந்த எண்ணிக்கைக்கு இறங்கும் என்றும் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். மகன் அதைப் படிக்கவே இல்லை. பற்று வரவு தெரியாத பிள்ளையைப் பெற்றிருக்கிறேன்.

ஆனால் ஒரு சந்தேகம். கழிந்தது ஓர் ஆட்டம். லாபம் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டதே. இது நியாயமான விலைதானா?

முத்தியால்பேட்டை சோதனை மேசை:

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்தேன். எங்கள் சோதனைத் தாளை அப்படியே சொல்கிறேன். ஓர் ஆட்டத்துக்கு வெற்றி, தோல்வி, சமன் என மூன்று முடிவுகள். மூன்று ஆட்டத்துக்கு 27 வரிசைகள். அவற்றில் 19இல் எங்காவது ஒரு தோல்வி இருக்கும், சீட்டு செத்தது. மீதி எட்டில் ஒன்றே ஒன்றுக்குத்தான் 260. ஒரு சமன், இரண்டு வெற்றி என்ற மூன்று வரிசைகளுக்கு 183.33. மீதி நான்கில் இரண்டோ மூன்றோ சமன். எங்கள் வாடிக்கையாளரின் விதிப்படி அவற்றுக்கு முதல் மட்டும் திரும்பும். எல்லா வரிசையும் சம வாய்ப்புள்ளவை அல்ல, சமன் அபூர்வம்தான். ஆனாலும் புகார் என்று வருவதெல்லாம் அந்தச் சமன் வரிசைகளிலிருந்துதான்.

விலை நியாயமா என்பதற்கு இப்படிப் பாருங்கள். பிளஸ் 160இல் கையைக் கடிக்காமல் இருக்க வேண்டுமானால் நூறு சீட்டுக்குச் சுமார் 38.5 சீட்டு வெல்ல வேண்டும். அதற்கு ஒவ்வோர் ஆட்டமும் தனித்தனியாக 72.7 சதவீதம் கைகூட வேண்டும். இரண்டு ஆட்டம், மைனஸ் 120 என்றால் 73.9 சதவீதம். ஆக, இறங்கிய சீட்டு கொஞ்சம் விலை கூடிய சீட்டுதான், உங்கள் மூக்கில் வியர்த்தது சரி. ஆட்டத்துக்கு 70 சதவீதம் வெல்கிறது என்று வையுங்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 0.7ஐ மும்முறை பெருக்கினால் 0.343. அதை 260ஆல் பெருக்கினால் 89.18. நூறு டாலர் கட்டியவருக்குச் சராசரியாக 11 டாலர் நஷ்டம். பத்துக்கு ஏழு என்று வென்றுகொண்டே நஷ்டப்படுவது டீசரில் சாதாரணம்.

எடிசன் வாசி:

நானும் நியூஜெர்சிதான், பிறந்து வளர்ந்தது திருப்பாதிரிப்புலியூர். விளையாட்டுப் பந்தயத்தைத் தடுத்துவந்த 1992ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 மே 14 அன்று நீக்கிய பிறகு, அடுத்த மாதமே இங்கே பந்தயம் தொடங்கிவிட்டது. இரண்டு ஆட்ட டீசர் ஒரு காலத்தில் மைனஸ் 110க்கே கிடைத்தது. பிறகு 120 ஆனது, இப்போது சில இடங்களில் 130கூடக் கேட்கிறார்கள். காரணம் 3, 7 என்ற இரண்டு எண்கள்.

கபடியில் புள்ளி ஒன்றிரண்டாக ஏறும். இந்த ஆட்டத்தில் ஃபீல்டு கோல் உதைத்தால் 3. டச்டவுன் 6, அதற்குப் பின் உதைக்கும் கூடுதல் உதைக்கு 1, ஆக 7. அதனால் வெற்றி வித்தியாசம் மற்ற எண்களைவிட 3இலும் 7இலும் அதிகமாக வந்து நிற்கும். 2015இல் அந்தக் கூடுதல் உதையின் தூரத்தைக் கூட்டினார்கள். அதன் பிறகு அது முன்புபோல் நிச்சயமில்லை. ஆனாலும் இந்த இரண்டு எண்களின் மவுசு போகவில்லை. ஆறு புள்ளியை வைத்து இந்த இரண்டையும் தாண்டினால்தான் டீசருக்கு மரியாதை. மைனஸ் 8.5, 2.5 ஆகும்போது 7ஐயும் தாண்டுகிறது, 3ஐயும் தாண்டுகிறது. பிளஸ் 1.5, 7.5 ஆகும்போதும் அப்படியே. உங்கள் மகனின் முதல் இரண்டு தேர்வுகள் படித்தவன் தேர்வு. மூன்றாவதுதான் உறுத்துகிறது. மைனஸ் 9 ஆறு புள்ளி இறங்கி நேராக 3இன் தலையில் போய் உட்கார்ந்திருக்கிறது. அடிக்கடி வரும் வித்தியாசத்திலேயே கோட்டை நிறுத்திவிட்டு, சமன் வந்தது ஏன் என்று கேட்டால் எப்படி? அதுவே 8.5ஆக இருந்திருந்தால் 2.5 ஆகி, 3 புள்ளி வெற்றியில் 260 முழுதாக வந்திருக்கும். அந்த ஆட்டத்தின் கோடு வாரத்தில் எப்போதாவது 8.5ஆக இருந்ததா என்று கேட்டுப்பாருங்கள்.

நெல்லித்தோப்பு:

எல்லோரும் இவ்வளவு விளக்குவதைப் பார்த்து இங்கே யாராவது கைப்பேசியைத் தட்டிப் பணம் கட்டிவிடப் போகிறார்கள். கடலூர்ப் பக்கம் தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் இருக்கிறது. அதற்கு மேல், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்திருக்கிறது, புதுச்சேரிக்கும் சேர்த்துத்தான்.

லாஸ்பேட்டை கபடி:

யாரும் கட்டப்போவதில்லை அண்ணே. நான் கடற்கரை ஓரம் பெத்தாங்க் குண்டு வீசுவதோடு சரி, அதிலும் தோற்றால் டீ மட்டும்தான். பேரேடு ஐயா, என் பதிலில் இரண்டாம் பத்தியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பூஜ்யம் என்றால் தோல்வி இல்லை என்பதை என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு யாரும் முடிச்சுப்போட வேண்டாம்.

மஞ்சக்குப்பம் பேரேடு:

எடிசன் தம்பி சொன்னபடி மகனிடம் கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான்: சனிக்கிழமை இரவு அவன் நேரப்படி கோடு 8.5ஆகத்தான் இருந்திருக்கிறது. மூன்றையும் தேர்ந்தெடுத்து, பணம் கட்டும் பொத்தானை அழுத்தப் போன நேரத்தில் தொலைபேசி அழைப்பு வந்ததாம். அரை மணி நேரத்துக்கு மேல் பேச்சு. பேசி முடித்துத் தூங்கிப்போனவன் ஞாயிறு காலை திறந்தபோது அது 9 ஆகிவிட்டது. அரைப் புள்ளிதானே என்று அப்படியே கட்டிவிட்டான். 260இலிருந்து 183.33ஐக் கழித்தால் 76.67. அந்த அரைப் புள்ளியின் விலை அதுதான். கணக்கு முடிந்தது, நிறுவனத்தின் மேல் குற்றம் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அழைத்தது யார் என்று கேட்டேன். அவன் அம்மாதான். பண்ருட்டி முந்திரி இரண்டு கிலோ அனுப்பட்டுமா, மூன்று கிலோ அனுப்பட்டுமா என்று கேட்பதற்கு. இந்த வரியை மட்டும் பேரேட்டில் ஏற்றப்போவதில்லை.