கீசர் அடியில் சொட்டுகிறது: மாற்றித்தான் ஆகவேண்டுமா?

மொட்டைமாடி:
வணக்கம். எங்கள் குளியலறையில் இருப்பது 25 லிட்டர் கீசர். வாங்கி ஆறேழு வருஷம் இருக்கும். கொஞ்ச நாளாக அடிப்பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. இரவு மக்கை வைத்தால் காலையில் பாதி நிறைந்திருக்கிறது. வெள்ளை டைல்ஸில் செம்பழுப்பாக ஒரு கோடு வேறு. பார்க்க வந்தவர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "டேங்க் போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தண்ணீர் என்னவோ நன்றாகத்தான் சூடாகிறது. மாற்றித்தான் ஆகவேண்டுமா? அதுவரை பயன்படுத்தலாமா? அப்பாவுக்கு வெந்நீர் இல்லாமல் முடியாது.

திருப்புளி:
கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன் தம்பி. பயன்படுத்த வேண்டாம். கீசருக்கான எம்.சி.பி.யை, அதாவது மெயின் பெட்டியில் இருக்கும் அதன் சுவிட்சை, இறக்கிவிடுங்கள். கசியும் நீர் ஒயர் இணைப்பில் பட்டால் கீசரின் உடம்பு முழுக்க மின்சாரம் ஏறலாம். ஒழுங்கான எர்த்தும், கரண்ட் கசிந்தால் இணைப்பை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இருந்தால் தானாகவே ட்ரிப் ஆகிவிடும். இல்லாத வீட்டில் குழாயைத் தொட்டால்தான் தெரியும். அப்பாவுக்கு இப்போதைக்கு அடுப்பில் காய்ச்சிக் கொடுங்கள்.

இரண்டாவது, டார்ச் அடித்தே டேங்க் போச்சு என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தத் தொழிலில் பாதிப் பொழுதை இதைச் சொல்லியே கழித்தவன் நான். உள்ளே எங்கே கசிந்தாலும் தண்ணீர் டேங்கைச் சுற்றியிருக்கும் ஃபோம் வழியாக இறங்கி, வெளி உறையின் தாழ்ந்த ஓட்டையில்தான் வந்து சொட்டும். சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு.

வெளியே இருக்கும் சேஃப்டி வால்விலிருந்து ஆரம்பியுங்கள். குளிர்ந்த தண்ணீர் நுழையும் இடத்தில், சின்ன நெம்புகோலோடு இருக்கும். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏறக்குறைய 400 மில்லி விரியும். வால்வுக்குள் இருக்கும் தடுப்பு அதை வந்த வழியே திரும்ப விடாது. உள்ளே அழுத்தம் ஏறும், வால்வு சொட்டுச் சொட்டாக வெளியே விடும். அது பழுதே இல்லை, அதன் வேலையே அதுதான். சூடாகும்போது மட்டும் சொட்டி, ஆறியதும் நின்றால் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஆனால் உங்களுக்கு இரவிலும் சொட்டுகிறது, துருக்கோடும் இருக்கிறது. கரண்டை நிறுத்திவிட்டு, குளிர்நீர் வால்வைத் திறந்தே வையுங்கள். சேஃப்டி வால்வையும் இரண்டு குழாய் இணைப்புகளையும் துணியால் நன்றாகத் துடைத்து, ஒவ்வொன்றிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டுப் படுக்கப் போங்கள். காலையில் எந்தப் பேப்பர் நனைந்திருக்கிறது என்று எழுதுங்கள்.

ஈரச்சுவர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அந்த வால்வின் வாயை ஒரு மூடி போட்டு அடைத்துவிட்டால் என்ன? கசிகிற இடம் தெரிந்தால் எம்சீலும் பூசிவிடலாமே.

திருப்புளி:
வால்வை அடைக்கவே கூடாது. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒரு நாள் ஒட்டிக்கொண்டு, சூடு மீறினால் கரண்டை வெட்டும் கட்‌அவுட்டும் வேலை செய்யாமல் போனால், அழுத்தம் வெளியேற மிச்சமிருக்கும் ஒரே வழி அது. அதையும் அடைத்தால் டேங்க் வெடிக்கும். எம்சீலும் வேண்டாம். சூட்டில் விரிந்து சுருங்கும் இரும்பில், அதுவும் ஈரத்தின் மேல், நிற்காது.

மொட்டைமாடி:
மூன்று பேப்பரும் காய்ந்தே இருக்கின்றன. ஆனால் மக்கில் தண்ணீர் இருக்கிறது. அப்படியென்றால் டேங்க்தானா?

திருப்புளி:
அவசரப்படாதீர்கள். தண்ணீரைச் சூடாக்கும் எலிமென்ட்டைப் பொருத்தியிருக்கும் வட்டத் தகடு இன்னும் இருக்கிறதே. அதற்கும் டேங்குக்கும் நடுவில் ஒரு ரப்பர் கேஸ்கட் உண்டு. சூடு பட்டுப் பட்டு அது விறைத்துப் போகும், ஓரமாகக் கசியும். போல்ட்டுகள் துருப்பிடித்து அந்தப் பழுப்புக் கோட்டைக் கொடுக்கும். கீழ் மூடியைக் கழற்றிப் பார்க்கும் ஆளாகக் கூப்பிடுங்கள். தகட்டின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் கேஸ்கட். தகடு உலர்ந்திருந்து ஃபோம் மட்டும் ஊறியிருந்தால் டேங்க் ஓட்டைதான், அப்போது மாற்றிவிடுங்கள். கண்ணாடிப் பூச்சு உள்ள டேங்குக்கு வெல்டிங் வைத்தால் பூச்சு உரிந்து பக்கத்திலேயே துரு தொடங்கும்.

திறந்ததும் ஆனோடு ராடையும் கேளுங்கள். மெக்னீசியக் கம்பி அது. டேங்குக்குப் பதிலாகத் தான் அரித்துப்போவதற்கென்றே வைத்திருப்பார்கள். உப்புத் தண்ணீரில் சீக்கிரம் தீரும். தீர்ந்த பிறகுதான் துரு டேங்கின் மேல் கை வைக்கும். அதை மாற்றச் சொல்லி யாரும் யாருக்கும் சொல்வதில்லை என்பது என் பழைய ஆதங்கம்.

மொட்டைமாடி:
வேறு ஒருவர் வந்து கழற்றினார். நீங்கள் சொன்ன மாதிரியே தகட்டின் ஒரு பக்கம் வெள்ளைப் பொருக்கு. கேஸ்கட்டை வளைத்ததும் அப்பளம் மாதிரி உடைந்தது. ஆனோடு இருந்த இடத்தில் பென்சில் லெட் அளவுக்கு ஒரு கம்பிதான் மிச்சம். அடியில் சேர்ந்திருந்த உப்பை வழித்து எடுத்துவிட்டு, இரண்டையும் மாற்றிவிட்டார். இன்னும் கரண்ட் கொடுக்கவில்லை. அப்படியே போடலாமா?

திருப்புளி:
போடாதீர்கள்! முதலில் டேங்க் நிரம்ப வேண்டும். வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்து, குளிர்நீர் வால்வைத் திறந்துவிடுங்கள். முதலில் காற்று புஸ்ஸென்று வரும், அப்புறம் விட்டுவிட்டு வரும், பிறகு தண்ணீர் ஒரே சீராக ஓடும். அதன் பிறகு எம்.சி.பி.யைப் போடுங்கள். காலி டேங்கில் கரண்ட் கொடுத்தால் எலிமென்ட் கருகிவிடும். சில நாள் சூடாகி ஆறிய பிறகு போல்ட்டுகளை, மறக்காமல் கரண்டை நிறுத்திவிட்டு, எதிரெதிராக ஒருமுறை முறுக்கச் சொல்லுங்கள். புது கேஸ்கட் கொஞ்சம் அமுங்கும்.