கீழக்கரையில் ஹீமோபிலியா உள்ள மகனோடு ஒரு வருஷம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கீழக்கரை உம்மா:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம்.

என் மகனுக்கு 12 வயது. டெக்சாஸில் பிறந்தவன், அமெரிக்க பாஸ்போர்ட், கூடவே ஓசிஐ கார்டு (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கான அட்டை). கடுமையான ஹீமோபிலியா ஏ. அதாவது ரத்தம் உறையத் தேவையான ஃபேக்டர் 8 என்ற புரதம் அவனுக்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. என் உம்மா படுத்த படுக்கையாகிவிட்டதால் நானும் அவனும் மூன்று மாதமாக இங்கே இருக்கிறோம். அவன் வாப்பா அங்கே வேலையில் இருக்கிறார். குறைந்தது ஒரு வருஷம் இங்கேதான்.

அங்கே மருந்து மாதாமாதம் ஐஸ் பெட்டியில் வாசலுக்கே வந்துவிடும். ரத்தக் கசிவைத் தடுக்கும் எமிசிஸுமாப் ஊசியை இரண்டு வெள்ளிக்கு ஒரு முறை வயிற்றுத் தோலுக்கடியில் நானே போடுவேன். முன்பு வாரம் மூன்று நாள் நரம்பு தேடி ஃபேக்டர் ஏற்றிய கஷ்டம் இப்போது இல்லை. ஆனால் எங்கள் இன்சூரன்ஸ் வெளிநாட்டுக்கு மருந்து அனுப்பாது. வாப்பா வரும்போது கொண்டுவருவதுதான். சொந்தக் காசில் வாங்குவதென்றால் வீட்டை விற்றாலும் பற்றாது.

போன மாதம் அவனுக்குக் காய்ச்சல். நான் உம்மாவை விட்டு நகர முடியாததால் மச்சி ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனார். "இடுப்பில் ஒரு டைக்ளோ ஊசி போட்டால் காய்ச்சல் ஓடிவிடும்" என்று ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்தே விட்டார்கள். இவன் இரண்டு கையாலும் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு "தசையில் வேண்டாம், தசையில் வேண்டாம்" என்று கத்தியிருக்கிறான். விமானம் ஏறும் முன் நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த தமிழ் வாக்கியம் அது. அமெரிக்கப் பிள்ளை ஊசிக்குப் பயப்படுகிறது என்று நினைத்துக் காலைப் பிடித்திருக்கிறார்கள். மச்சிக்கு ஏதோ உறைத்து எனக்குப் போன் போட்டார். ஊசி போட்டிருந்தால் இடுப்புத் தசைக்குள் ரத்தம் கட்டியிருக்கும். போதாததற்கு அந்த வலி மருந்தே ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை வேலை செய்ய விடாது. அன்று இரவு முழுக்க அவன் இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சொந்தக்காரர்கள் இதை "அமெரிக்கா வியாதி" என்கிறார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை. என் உம்மாவின் தம்பி இதே வீட்டில், சுன்னத் செய்து மூன்று நாள் ரத்தம் நிற்காமல் மவுத்தானார். கண் பட்டது என்று சொல்லி அடக்கம் செய்துவிட்டார்கள். என் மகனுக்கும் அங்கே ஆஸ்பத்திரியில் சுன்னத் செய்தபோது ரத்தம் நிற்கவில்லை. அன்று சாயந்திரமே ரத்தம் சோதித்து நோயின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். உம்மா வழியாக எனக்கு, என் வழியாக அவனுக்கு. கீழக்கரையிலிருந்து போனதுதான் அங்கே போயிருக்கிறது.

கரண்ட் போனால் மருந்தை என்ன செய்வது? அடிபட்டால் ராம்நாடா, நேரே மதுரையா? கடலில் இறங்க விடலாமா? தினமும் கேட்கிறான்.

தங்கச்சிமடம் தம்பி:

அக்கா, என் அண்ணனுக்கும் இதே நோய்தான், வயது 24. அப்பா விசைப்படகில் போகிறவர், நாங்கள் யாரும் கடல் தாண்டியதில்லை. அதனால் இது அமெரிக்கா வியாதி இல்லை என்று உங்கள் சொந்தக்காரர்களிடம் என் பேரைச் சொல்லியே சொல்லுங்கள். அண்ணனுக்கு 9 வயதில்தான் நோயின் பெயரே தெரிந்தது. அதற்குள் இடது முட்டியில் எத்தனையோ தடவை ரத்தம் இறங்கிவிட்டது. வாதம் என்று எண்ணெய் போட்டு உருவினார்கள். இப்போது அந்த முட்டி முழுதாக மடங்காது.

ஊரில் எல்லோரும் கைகால் கிழிந்தால்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். முள் குத்தினால் அழுத்திப் பிடித்தாலே பெரும்பாலும் நின்றுவிடும். வெளியே தெரியாமல் மூட்டுக்குள் கசிவதுதான் ஆளை முடக்குகிறது. அண்ணன் "முட்டிக்குள் எறும்பு ஊறுது" என்பார். அப்போது வீக்கம்கூட இருக்காது. அந்த நேரத்திலேயே ஃபேக்டர் ஏற்றினால் பிழைத்தோம், வீங்கும்வரை பார்த்திருந்தால் பத்து நாள் படுக்கை.

எமிசிஸுமாப் ரத்தக் கசிவு வராமல் காக்கும். வந்த கசிவை நிறுத்த ஃபேக்டர்தான் வேண்டும். அதனால் இரண்டு வேளைக்கான ஃபேக்டர் வீட்டிலேயே இருக்கட்டும். தலையில் அடிபட்டால் முதலில் ஃபேக்டர், அப்புறம்தான் ஸ்கேன். எந்த ஆஸ்பத்திரியானாலும் பாட்டிலைக் கையோடு கொண்டுபோய் இதை உறுதியாகச் சொல்லுங்கள். ராம்நாடு மருத்துவக் கல்லூரி 2022 முதல் இருக்கிறது. நாங்கள் முதலில் அங்கே போவோம், பெரிய விஷயம் என்றால் மதுரை. ஒன்றும் இல்லாத நாளிலேயே ஒரு முறை போய்ப் பேசி வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் போய் முதல் தடவையாக விளக்குவது பெரிய கொடுமை.

கடலில் தாராளமாக இறங்கட்டும் அக்கா. நீச்சலில் மூட்டுக்கு அடி இல்லை, தசைக்கும் பலம். அண்ணனை நிமிர்த்தியதே கடல்தான். ஆனால் காலில் செருப்பு இல்லாமல் விடாதீர்கள், கரையோரத்தில் திருக்கை மண்ணுக்குள் படுத்திருக்கும். கிரிக்கெட் என்றால் ரப்பர் பந்து மட்டும்.

ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ், பரமக்குடி:

மகளே, உன் மச்சியை என் சார்பில் கட்டிப் பிடித்துக்கொள். போன் போடத் தோன்றியதே, அது பெரிய காரியம்.

எமிசிஸுமாப் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வை. கதவில் வேண்டாம், ஃப்ரீசருக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், உறைந்தால் மருந்து வீண். வெளியே எடுத்தால் 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, எல்லாம் சேர்த்து 7 நாளைத் தாண்டவும் கூடாது. நம் ஊர் வெயிலில் அந்த 30ஐ நம்பாதே. ஈரத்துணி, மண்பானை எல்லாம் கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவாகக் குளிராது. கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் இரு. நீண்டால் ஐஸ் பெட்டிக்கு மாற்று, ஐஸுக்கும் மருந்துக்கும் நடுவே துண்டைச் சுற்று. ஒரு வெப்பமானி வாங்கி உள்ளே போடு. ஃபேக்டருக்கு ஒவ்வொரு கம்பெனிக்கும் கணக்கு வேறு, பெட்டியில் உள்ளதைப் படி.

இன்னொன்று, இது பல டாக்டர்களுக்கே பழக்கமில்லாதது. எமிசிஸுமாப் உடம்பில் இருக்கும்போது, ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் ஏபிடிடி சோதனை சரியாக இருப்பது போலவே காட்டும். "ரிப்போர்ட் நார்மல், இவனுக்கு ஒன்றும் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடைசி ஊசி போட்டு ஆறு மாதம் வரைக்கும்கூட அப்படிக் காட்டலாம். அதனால் டாக்டர் கடிதத்தில் இதை ஒரு வரி எழுதி வாங்கு. தமிழில் ஒரு அட்டையும் போடு: தசையில் ஊசி கூடாது, ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் கூடாது, காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். அவன் சட்டைப்பையில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, மச்சியிடம் ஒன்று.

ஐப்பசி, கார்த்திகையில் டெங்கு வரும். தட்டணுவும் குறைந்தால் இவனுக்கு இரட்டை ஆபத்து. காய்ச்சல் என்றால் மறுநாள் பார்ப்போம் என்று இருக்காதே, அன்றே ரத்தம் சோதி.

சாயல்குடி:

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகத் தருகிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் வேண்டும், அது உங்கள் பையனுக்குக் கிடைக்காது. இந்த நோயாளிகளுக்கான அமைப்பான ஹீமோபிலியா ஃபெடரேஷன் 1983 முதல் இருக்கிறது, தமிழ்நாட்டிலும் கிளைகள் உண்டு, அவர்களிடம் பதிந்து வையுங்கள். வாப்பா வரும்போது மருந்தைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், டாக்டர் கடிதத்தோடு. லக்கேஜில் போட வேண்டாம்.

கீழக்கரை உம்மா:

எல்லோருக்கும் அல்லாஹ் நல்லதைத் தரட்டும். நர்ஸம்மா, அட்டை எழுதி லேமினேட் செய்யக் கொடுத்துவிட்டேன். ஏபிடிடி விஷயம் எனக்கும் புதிது, ஹூஸ்டன் டாக்டருக்கு இப்போதுதான் மெயில் போட்டேன். திங்கட்கிழமை ராம்நாடு போய்ப் பேசுகிறோம்.

தம்பி, "எறும்பு ஊறுது" என்பதை அவனிடம் படித்துக் காட்டினேன். எழுந்து உட்கார்ந்துவிட்டான். இத்தனை வருஷம் டாக்டரிடம் "உள்ளே சோடா மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தவன். இந்த நோய் உள்ள இன்னொருவரை இந்த ஊர்ப் பக்கம் அவன் பார்த்ததே இல்லை. உங்கள் அண்ணனிடம் பேச வேண்டுமாம், தமிழிலேயே பேசுகிறேன் என்கிறான். அவருக்குச் சம்மதமா என்று கேட்டுச் சொல்லுங்கள். தொதல் எடுத்துக்கொண்டு நாங்களே தங்கச்சிமடம் வருகிறோம்.